மீனைப் பிடித்தோம், படகைப் பிடித்தார்கள், ஆளைப் பிடித்தார்கள்: ஆங்கிலத்தில் எந்த வினை?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். ஆங்கில அகராதியில் 'கேட்ச்' என்ற வினைக்கு அருகே கேப்சர், சீஸ், அப்ரிஹெண்ட், அரெஸ்ட், ட்ராப், ஸ்நேர், கிராப், நாப் என்று ஒரு வரிசையே நிற்கிறது; தமிழ் விளக்கத்தைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 'பிடி' என்றே போட்டிருக்கிறது; எதை எங்கே எழுதுவது என்பது கேள்வி. ஆனால் விஷயம் அவருடைய கடைசி வரியில்தான் இருக்கிறது. சித்தப்பா வேலைக்குப் போன விசைப்படகு கடலில் இலங்கைத் தரப்பிடம் பிடிபட்டுவிட்டது, அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத வேண்டுமாம். ஆக, பொருள் பட்டியல் அவருக்குத் தேவையில்லை. மீனையும் படகையும் ஆட்களையும் பிடித்த கதையை ஒரே பத்தியில் சொல்ல வேண்டும், அதில் எதற்கு எந்த வினை என்று தெரிய வேண்டும்.

நான் இந்த மாவட்டத்தில் பல வருடங்களாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். மனு எழுதித் தரச் சொல்லி வந்தவர்களுக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் அல்ல என்பதால் சட்டச் சொற்களைப் பற்றிக் கீழே சொல்வதை மொழி ஆசிரியரின் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொழியைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இந்த வரிசையிலிருந்து பொருளைப் பார்த்துச் சொல்லை எடுத்தால் தப்பாகத்தான் முடியும், ஏனென்றால் பொருள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. பிடிபட்டது எது, எதைக் கொண்டு பிடித்தார்கள், எந்த அதிகாரத்தில் பிடித்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும்.

முதலில் 'கேட்ச்'. நகர்ந்துகொண்டிருக்கிற, கைநழுவிப் போகக்கூடிய ஒன்றை வழியிலேயே பிடிப்பது அதன் அடிப்படை. பந்து, பஸ், மீன், ஓடுகிற திருடன், பேசுகிறவரின் வாய்ச்சொல் எல்லாம் இதில் அடங்கும். இதற்கு வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை எளிது. அந்த இடத்தில் 'மிஸ்' என்ற எதிர்ச்சொல் பொருந்துகிறதா பாருங்கள். பஸ்ஸை மிஸ் பண்ணலாம், பந்தை மிஸ் பண்ணலாம், ஒருவர் சொன்னதை மிஸ் பண்ணலாம். அங்கெல்லாம் 'கேட்ச்' சரியாக வரும். 'டேக் எ பஸ்' என்றால் பஸ்ஸில் போவது, அவ்வளவுதான். 'கேட்ச் எ பஸ்' என்றால் கிளம்பிவிடுவதற்குள் போய்ச் சேர்ந்தது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குக் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடியவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்' என்பதும் இதே வகைதான்: பெயர் காதைத் தாண்டிப் போய்விட்டது, திரும்பச் சொல்லுங்கள் என்று பொருள்.

மீன் விஷயத்தில் நம் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்வது 'ஃபிஷ்' என்ற வினையையும் 'கேட்ச்' என்ற வினையையும். 'ஃபிஷ்' என்பது முயற்சி, 'கேட்ச்' என்பது அதில் கிடைத்தது. ராத்திரி முழுக்க 'ஃபிஷ்' பண்ணிவிட்டு ஒன்றும் 'கேட்ச்' பண்ணாமல் கரைக்கு வரலாம். இதை நம் கடற்கரையில் 'தொழிலுக்குப் போனோம், பாடு இல்லை' என்பார்கள். அந்தப் 'பாடு'தான் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக வரும் 'கேட்ச்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் முடிந்து முதல் நாள் போன படகுகளுக்கு நல்ல பாடு என்றால் 'எ குட் கேட்ச்', சுமார் என்றால் 'எ புவர் கேட்ச்'. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். நம் ஆட்கள் 'மீன் பட்டது', 'கணவாய் பட்டது' என்று மீனை எழுவாயாக வைத்துப் பேசுவார்கள், பிடித்தவரைச் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் பிடித்தவர் எழுவாயாக வந்தாக வேண்டும், இல்லையென்றால் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்ற வேண்டும். 'ஃபிஷ் காட்' என்று மொட்டையாக எழுதப்பட்ட விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீன் எதையோ பிடித்தது போல ஆகிவிடும்.

எதைக் கொண்டு பிடித்தார்கள் என்பதற்கு ஏற்ப ஆங்கிலம் கருவியின் பெயரையே வினையாக்கிக்கொள்ளும். வலையில் என்றால் 'நெட்', தூண்டிலில் என்றால் 'ஹூக்', கூட்டில் என்றால் 'ட்ராப்'. மன்னார் வளைகுடாப் பக்கம் கூடு போட்டு ஓரா மீன் பிடிப்பவர்களைப் பற்றி எழுதினால் 'கேட்ச்' தவறில்லை, ஆனால் 'ட்ராப்' என்றால்தான் படம் தெரியும். 'ஸ்நேர்' கடலுக்கு ஆகாது. அது கண்ணி, சுருக்கு. உடைகாட்டில் கௌதாரிக்கும் முயலுக்கும் வைப்பது. 'லேண்ட்' என்ற வினை ரொம்பப் பயனுள்ளது, ஆனால் பலருக்குத் தெரியாது. தூண்டிலில் கடித்த மீனைப் படகுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் 'லேண்ட்'. பெரிய சீலா மீன் மாட்டி, இழுத்துக்கொண்டு வரும்போது தூண்டில் நரம்பு அறுந்து போய்விட்டது என்றால், ஹூக் ஆனது, லேண்ட் ஆகவில்லை.

இந்த 'லேண்ட்' தான் புள்ளிவிவரத்திலும் வருகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. அதன் தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை நம் மண்டபத்தில்தான் இருந்தது. இப்போதும் அங்கே ஒரு மையம் இருக்கிறது. அவர்களுடைய அறிக்கைகளில் மாநிலவாரியாக வரும் கணக்கு 'லேண்டிங்ஸ்', அதாவது கரைக்கு வந்து இறங்கியது. 'கேட்ச்' என்பது கடலில் பிடிபட்ட மொத்தம். பிடித்ததில் ஒரு பகுதியைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தால் இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்காது. இறாலுக்குப் போட்ட இழுவலையில் கூடவே ஏறிவரும் வேண்டாத சரக்கு 'பைகேட்ச்'. ராமேஸ்வரத்தில் கோழித் தீவனத்துக்குப் போகும் சங்காயம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். ஆனால் 'பைகேட்ச்' எல்லாமே சங்காயம் என்று எழுதிவிடாதீர்கள். நோக்கமில்லாமல் வலையில் ஏறிய கடலாமையும் பைகேட்ச்தான், அதைக் கடலில் விட்டுவிட வேண்டும். மீன்வளப் பாடப் புத்தகங்களில் 'கேப்சர் ஃபிஷரீஸ்', 'கல்ச்சர் ஃபிஷரீஸ்' என்று இரண்டு வரும். முதலாவது தானாக வளர்ந்ததைப் பிடிப்பது, இரண்டாவது வளர்த்து எடுப்பது. அங்கே 'கேப்சர்' என்பது நிலைபெற்ற துறைச்சொல். அதற்குப் பதில் 'கேட்ச் ஃபிஷரீஸ்' என்று நீங்களாக மாற்றக் கூடாது. வழக்கமான பேச்சில் மீனைக் 'கேப்சர்' பண்ணினேன் என்றும் சொல்வதில்லை.

கடலிலிருந்து எடுப்பதெல்லாம் 'கேட்ச்' ஆகிவிடாது. சின்னப்பாலம் பெண்கள் பாசி எடுக்கப் போவதை 'கேட்ச் சீவீட்' என்று எழுதிய பையன் ஒருவன் உண்டு. பாசி ஓடிப்போகாது, அதைக் 'கேதர்' அல்லது 'கலெக்ட்' பண்ணுவார்கள். மிதவை கட்டி வளர்த்த பாசியை (நம்மூரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பேர், கம்பெனி பேர் ஒட்டிக்கொண்டது) 'ஹார்வெஸ்ட்' பண்ணுவார்கள். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்கு 'டைவ் ஃபார்' என்பது பொருத்தம். பழைய ஆங்கில ஆவணங்களில் முத்துக்கும் சங்குக்கும் 'ஃபிஷரி' என்றே இருக்கும், அதுவும் சரிதான். கடல் அட்டை வேறு கதை. 2001-லிருந்து அதைப் பிடிப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் செய்திகளில் 'போச்' என்ற வினை வரும். முட்டை வேகவைப்பதற்கும் அதே எழுத்துதான். இங்கே அது சட்டவிரோதமாகப் பிடிப்பது.

தமிழ்ப் 'பிடி' இன்னொரு வகையிலும் காலை வாரும். சளி பிடித்தது என்கிறோம்; சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ காட் எ கோல்ட்': நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம். கூரையில் தீப்பிடித்தது என்கிறோம். ஆங்கிலத்தில் கூரைதான் தீயைப் பிடிக்கும், 'த ரூஃப் காட் ஃபயர்'. 'ஃபயர் காட் த ரூஃப்' என்று எழுதினால் ஆங்கிலக்காரர் புரிந்துகொள்வார், ஆனால் யார் எழுதியது என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். மழையில் மாட்டிக்கொண்டால் 'காட் இன் த ரெயின்'. இங்கே பிடித்தவர் என்று யாருமே இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குப் போன ரயில் புயலில் சிக்கியதை 'காட் இன் த சைக்ளோன்' என்று எழுதலாம். 'கேப்சர்ட் பை த சைக்ளோன்' என்று எழுதக் கூடாது, கேப்சர் பண்ண ஒரு ஆள் அல்லது படை வேண்டும்.

குழாயில் தண்ணீர் பிடிப்பது 'கேட்ச்' அல்ல, 'ஃபில்' அல்லது 'ஃபெட்ச்'. கூரையில் விழும் மழைநீரை ஏந்திப் பிடித்தால் மட்டும் 'கேட்ச்' வரும். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் பரப்பை 'கேட்ச்மென்ட்' என்பது அதிலிருந்துதான். போட்டோ பிடித்தால் 'டேக்'. சம்பளத்தில் பிடித்தால் 'டிடக்ட்'. வாடகைக்கு வீடு பிடித்தால் 'ஃபைண்ட்'. ஒருவரைப் பிடித்துப்போனால் 'லைக்'. அடம் பிடித்தால் அதற்கு ஆங்கிலத்தில் வினையே கிடையாது, 'பி ஸ்டபர்ன்' என்று சுற்றித்தான் வர வேண்டும். ஒரே ஒரு இடத்தில் இரண்டு மொழியும் கைகோர்க்கின்றன. கணக்கு பிடிபடவில்லை என்று நாம் சொல்வது போலவே ஆங்கிலத்திலும் 'கிராஸ்ப்' என்றால் கையால் பற்றுவது, மனத்தால் புரிந்துகொள்வது இரண்டும். லத்தீனில் பற்றுவதைக் குறிக்கும் 'ப்ரெஹெண்டெரே' என்ற வினையிலிருந்துதான் புரிந்துகொள்ளும் 'காம்ப்ரிஹெண்ட்'டும், ஆளைப் பிடிக்கும் 'அப்ரிஹெண்ட்'டும் வந்தன.

வேர்ச்சொல் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனாலும் நம் ஊர்ச் செய்தித்தாளைப் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு என்பதால் சொல்லிவிடுகிறேன். 'கேட்ச்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. வடக்குப் பிரான்சுப் பேச்சிலிருந்து நார்மன்கள் வழியாக வந்தது. அதற்கும் முன்னால் லத்தீனின் 'கேப்டாரே'. அதே சொல் பிரான்சின் வேறொரு வட்டாரத்தில் ஒலி மாறி, இன்னொரு தரம் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதுதான் 'சேஸ்', துரத்துவது. ஆரம்பத்தில் 'கேட்ச்'சுக்கும் துரத்துவது என்ற பொருள் இருந்தது. பிறகு வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. 'ராமேஸ்வரம் மீனவர்கள் விரட்டியடிப்பு', 'மீனவர்கள் சிறைபிடிப்பு' என்று நம் தினசரிகளில் மாறி மாறி வரும் இரண்டு தலைப்பும் ஆங்கிலத்தில் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். 'கேப்சர்' அதே லத்தீன் குடும்பம்தான், ஆனால் பிற்பாடு புத்தகம் வழியாக வந்தது, அதனால்தான் அதில் இன்னும் ஒரு கனம் இருக்கிறது. இதெல்லாம் உறுதியானவை. ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல் 'லாட்ச்'. இப்போது அது கதவுத் தாழ்ப்பாளோடு சரி. 'கேட்ச்'சின் இறந்தகாலம் 'காட்' என்று முறைதவறி இருப்பது அந்த 'லாட்ச்'சின் பழைய இறந்தகாலத்தைப் பார்த்து உருவானது என்பது ஆய்வாளர்கள் கருத்து. நம்பத்தகுந்த கருத்துதான், ஆனால் ஊகம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்வேன். 'கை' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் 'கேட்ச்' வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒலி ஒத்துப்போவது சான்றாகாது. பெருமைப்பட வேண்டுமானால் 'கேட்டமரான்' இருக்கிறது. நம் கட்டுமரம்தான் அது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது.

சரி, மனுவுக்கு வருவோம். இங்கே சொல் தவறினால் சிரிப்போடு போகாது. தினசரிகளில் படகுக்கும் ஆளுக்கும் சேர்த்துச் 'சிறைபிடிப்பு' என்று ஒரே சொல்லைப் போடுகிறார்கள். இதில் சிறை என்று இருப்பதைப் பார்த்து 'இம்ப்ரிசன்ட்' என்று மொழிபெயர்த்தால், தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருக்கிறார் என்று ஆகிவிடும். கடலில் பிடிபட்ட அன்று அப்படி ஒன்றும் நடந்திருக்காது. ஆட்களுக்கு 'அரெஸ்ட்' அல்லது 'அப்ரிஹெண்ட்'. முன்னது சட்டப்படி கைது. பின்னது பிடித்து வைத்தது என்ற அளவில் கொஞ்சம் பொதுவானது, அரசுத் தரப்பு எழுத்தில் அதிகம் வருவது. ஆங்கிலச் செய்தித்தாள்கள் இரண்டையும் கலந்தே போடுகின்றன, அதனால் அவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இன்னும் வழக்குப் பதியவில்லை, விசாரணைக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் 'டீட்டெய்ன்'. நீதிமன்றம் காவல் நீட்டிப்புக்கு உத்தரவிட்டிருந்தால் 'ரிமாண்ட்'. 'கேப்சர்' என்று மட்டும் எழுத வேண்டாம். அது போர்க்கைதிக்கும் எதிரி நாட்டுக் கப்பலுக்கும் உரிய சொல். தொழிலுக்குப் போனவரை அந்த வரிசையில் நாமே ஏன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்? 'நாப்', 'கிராப்' இரண்டும் பேச்சுவழக்கு. 'நாப்' பத்திரிகைத் தலைப்பில் இடத்தை மிச்சப்படுத்தும், மனுவில் மரியாதையைக் கெடுக்கும்.

படகுக்கு 'சீஸ்'. பைனான்ஸ்காரர் வண்டியைச் சீஸ் பண்ணிவிட்டார் என்று ஊரில் சொல்வது இதேதான்: உரிமை இன்னும் உங்களுடையது, பொருள் அவர்கள் கையில். பிடித்த படகைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு வைத்திருப்பதற்கு 'இம்பவுண்ட்'. தெருவில் திரிந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பார்களே, அந்தப் பவுண்டு. நீதிமன்ற உத்தரவால் உரிமையே கைமாறிவிட்டால் 'கான்ஃபிஸ்கேட்'. இலங்கையில் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கென்று 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள், 2018-ல் திருத்தி அபராதத்தை ஏகமாக உயர்த்தினார்கள். அதன்படி வழக்கு நடந்து படகு போய்விடுவதைத்தான் நம் தினசரிகள் 'நாட்டுடைமை' என்கின்றன. உங்கள் படகு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மிக முக்கியம். சீஸ் ஆன படகைத் திரும்பக் கேட்டு எழுதும் மனுவில் 'கான்ஃபிஸ்கேட்டட்' என்று போட்டால், உரிமை போய்விட்டதை நீங்களே ஒப்புக்கொண்டது போல இருக்கும். கையில் நீதிமன்ற உத்தரவோ வழக்கு நகலோ இருந்தால் அதில் என்ன வினை இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். நான் சொன்னதும் அதுவும் வேறுபட்டால் அதுதான் சரி. ஒருமுறை வக்கீல் யாரிடமாவது காட்டிவிட்டு அனுப்புவது நல்லது.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. இன்ஜின் ஓட்டத்தில் இறுகி நின்றுபோனாலும் 'சீஸ்' தான்; மெக்கானிக்குகள் 'இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு' என்பார்கள். மாணவி அனுப்பிய விவரப்படி, இன்ஜின் நின்று படகு நீரோட்டத்தில் போன பிறகுதான் பிடிபட்டிருக்கிறது. இரண்டுக்கும் 'சீஸ்ட்' என்று அடுத்தடுத்த வரியில் போட்டால் படிக்கிற அதிகாரிக்குத் தலை சுற்றும். இன்ஜினுக்கு 'ஃபெயில்ட்' என்று வைத்துக்கொள்ளுங்கள், 'சீஸ்ட்' படகுக்கு மட்டும் இருக்கட்டும். அப்புறம், பழுதானதை முதல் வாக்கியமாகவும் பிடிபட்டதை அடுத்த வாக்கியமாகவும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் முதலில் வருவதுதான் முதலில் நடந்ததாகப் படும்.

ஆக வரிசை இப்படி இருக்கலாம்: 'த இன்ஜின் ஃபெயில்ட் அண்ட் த போட் டிரிஃப்டட். த போட் வாஸ் சீஸ்ட் அண்ட் த க்ரூ வேர் அரெஸ்டட்.' படகோடு போன வலை, ஜிபிஎஸ் கருவி, வயர்லெஸ், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி, கடைசியில் 'வேர் சீஸ்ட் அலாங் வித் த போட்' என்று ஒரே வினையில் முடித்துவிடலாம். அன்றைக்குப் பிடித்திருந்த மீனுக்கு எடை தெரிந்தால் எடையோடு 'த கேட்ச்' என்று போடுங்கள். மீன் பெயர்களை ஆங்கிலத்தில் தேடி அலைய வேண்டாம். நண்டும் கணவாயும் காரலும் கலந்து இருந்தால் 'மிக்ஸ்ட் கேட்ச்' என்பது மீன்வளத்துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் புரிகிற சொல்தான்.